லேப்டாப்பில் கழற்றிய பழைய பாகங்கள்: வைத்திருப்பதா, கொடுத்துவிடுவதா? (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

லேப்டாப் மெதுவாகிவிட்டது என்று வருகிறவர்களுக்கு எஸ்.எஸ்.டி. (பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும், சுழலாத வேகமான சேமிப்பகம்) போட்டுக் கொடுப்பதையும் ரேம் (கணினி வேலை செய்யும்போது பயன்படுத்தும் நினைவகம்) கூட்டிக் கொடுப்பதையும் பல ஆண்டுகளாகச் செய்து வருகிறேன். வேலை முடிந்து, கழற்றிய பாகத்தை உறையில் போட்டுக் கையில் கொடுக்கும்போது எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இதை என்ன செய்வது?" அந்தக் கேள்வியும் அதன் கிளைகளும் இங்கே.

கழற்றிய பாகங்களை வைத்திருக்க வேண்டுமா, வேண்டாமா?

முதலில் உங்களையே கேட்டுப் பாருங்கள்: இது எந்த இயந்திரத்துக்கு? "தங்கையின் லேப்டாப்புக்கு", "அப்பா கடையில் பில் போடும் கணினிக்கு" என்று பெயர் சொல்ல முடிந்தால் வைத்திருங்கள். முடிந்தால் இந்த வாரமே பொருத்திவிடுங்கள். "என்றாவது உதவும்" என்பதை நான் பதிலாக ஏற்பதில்லை. கணினிப் பாகம் பித்தளைக் குத்துவிளக்கு போன்றதன்று; பரணில் இருக்க இருக்க அது பொருந்தக்கூடிய இயந்திரங்கள் ஊரில் குறைந்துகொண்டே போகும். பத்து ஆண்டுகளுக்கு முன்பு ஒரு மாணவரின் படிப்பைக் காப்பாற்றியிருக்கக்கூடிய 4 ஜி.பி. ரேம், இன்று அட்டைப் பெட்டியின் அடியில் வெறும் பச்சைப் பலகையாகக் கிடப்பதைப் பல வீடுகளில் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும் மனம் வலிக்கிறது.

இதற்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு. இரண்டும் அடுத்த கேள்வியில் வருகின்றன.

குறைந்தது எவ்வளவு நாள் வைத்திருக்க வேண்டும்?

புதிய பாகம் நிலைத்து நிற்கிறது என்று தெரியும்வரை. மின்னணுப் பாகத்தில் உற்பத்திக் குறை இருந்தால் பெரும்பாலும் தொடக்க நாட்களிலேயே காட்டிவிடும். என் கணக்கு ஒரு மாதம். அந்த மாதத்துக்குள் லேப்டாப் திடீரென நீலத்திரை காட்டினாலோ தானாக அணைந்தாலோ, பழைய ரேமைத் திரும்பப் பொருத்திப் பாருங்கள். கோளாறு நின்றால் குறை புதிய ரேமில் அல்லது அது பொருந்தியிருந்த விதத்தில். நிற்காவிட்டால் வேறெங்கோ. பழையது கையில் இல்லாவிட்டால் இந்த ஐந்து நிமிடச் சோதனைக்கு ஒரு கடைக்குப் போய்க் காசு கொடுக்க வேண்டியிருக்கும்.

இரண்டாவது விதிவிலக்கு உத்தரவாதக் காலம். லேப்டாப்புக்கு இன்னும் உத்தரவாதம் இருந்தால், அதனுடன் வந்த ரேமையும் டிஸ்க்கையும் அது முடியும்வரை பத்திரப்படுத்துங்கள். நாளை விசைப்பலகையோ திரையோ பழுதாகி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோக நேர்ந்தால், பழைய பாகங்களைப் பொருத்தியே கொடுக்கலாம். "நீங்கள் வெளியில் வாங்கிப் போட்ட ரேம்தான் காரணம்" என்ற பேச்சுக்கு இடமிருக்காது. இதைவிடப் பெரிய நன்மையும் உண்டு: உங்கள் ஆவணங்களும் புகைப்படங்களும் உள்ள எஸ்.எஸ்.டி. வீட்டிலேயே இருக்கும். பழைய டிஸ்க்கை முன்பே முறையாக அழித்திருந்தால், அந்நியர் கைக்குப் போவது காலி டிஸ்க் மட்டுமே.

பழைய ஹார்ட் டிஸ்க்கில் இருந்த எல்லாவற்றையும் எஸ்.எஸ்.டி.க்கு நகலெடுத்தாகிவிட்டது. உடனே அழித்துவிடலாமா?

வேண்டாம். அந்த டிஸ்க் இப்போது உங்களிடம் இருக்கும் மிகச் சிறந்த காப்புப் பிரதி. நகலெடுத்ததில் ஏதேனும் விடுபட்டிருந்தால் முதல் நாளிலேயே தெரியாது. வருமான வரிக் கணக்குக் கோப்பைத் தேடும்போதுதான் தெரியும். அதே ஒரு மாதம் அப்படியே இருக்கட்டும்.

இங்கே ஒரு சிறு எச்சரிக்கை. அச்சு அசலாக நகலெடுத்த இரண்டு டிஸ்க்குகளையும் ஒரே நேரத்தில் ஒரே கணினியில் இணைத்தால், இரண்டுக்கும் அடையாள எண் ஒன்றாக இருப்பதால் விண்டோஸ் ஒன்றை ஒதுக்கி வைத்துவிடும். பழைய டிஸ்க் கண்ணுக்குத் தெரியவில்லை என்று பதற வேண்டாம், அது கெட்டுப்போகவில்லை.

அந்த ஹார்ட் டிஸ்க்கை வெளியில் இணைக்கும் டிஸ்க்காகப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. கழற்றிய பாகங்களிலேயே மறுவாழ்வு எளிதாகக் கிடைப்பது இதற்குத்தான். லேப்டாப் ஹார்ட் டிஸ்க் 2.5 அங்குல அளவு, சாட்டா என்ற வகை இணைப்பு. அதற்கான யு.எஸ்.பி. கேஸ் சில நூறு ரூபாய்க்குச் சென்னை ரிச்சி தெருவிலும் கிடைக்கும், இணையத்திலும் கிடைக்கும். வாங்கும் முன் டிஸ்க்கின் தடிமனை அளந்துகொள்ளுங்கள். பழைய டிஸ்க்குகள் 9.5 மி.மீ., பிந்தையவை பெரும்பாலும் 7 மி.மீ. மெல்லிய கேஸுக்குள் தடித்த டிஸ்க் நுழையாது.

கேஸில் போட்டதும் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போன்ற இலவச மென்பொருளால் டிஸ்க்கின் உடல்நிலையைப் பாருங்கள். கெட்டுப்போனதால் மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை பூஜ்யமாக இருந்தால் நல்லது. அந்த எண் வாரத்துக்கு வாரம் ஏறினால் அந்த டிஸ்க்கை நம்பாதீர்கள். டக், டக் என்ற ஓசை கேட்டால் அன்றே உள்ளதை எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள்.

எப்படியிருந்தாலும், உழைத்துக் களைத்த டிஸ்க்கில் இருப்பது இரண்டாவது பிரதியாக இருக்க வேண்டும். குழந்தையின் முதல் பிறந்தநாள் படங்களுக்கு அது ஒன்றே இடமாகிவிடக் கூடாது.

கழற்றியது எம்.2 வகை (பலகையில் நேராகச் செருகும் மெல்லிய பட்டை) எஸ்.எஸ்.டி.யாக இருந்தால் கேஸ் வாங்கும்போது இன்னும் கவனம் தேவை. அதில் சாட்டா, அதைவிட வேகமான என்விஎம்இ என்று இணைப்பில் இரண்டு வகை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல, விரல் அகலப் பட்டை. முனையில் இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா, ஒன்றே இருந்தால் பெரும்பாலும் என்விஎம்இ. மேலே ஒட்டியிருக்கும் சீட்டைப் படித்து உறுதிசெய்துகொண்டு கடைக்குப் போங்கள்.

டிஸ்க்கை விற்கிறேன். ஃபார்மேட் செய்தால் போதாதா?

போதாது. சில ஆண்டுகளுக்கு முன்பு, தெரிந்தவர் ஒருவர் பயன்படுத்திய ஹார்ட் டிஸ்க் ஒன்றை வாங்கிவந்து சோதிக்கச் சொன்னார். காலியாகத்தான் தெரிந்தது. மீட்பு மென்பொருளை ஓடவிட்டேன். அரை மணி நேரத்தில் யாரோ ஒரு குடும்பத்தின் திருமணப் படங்களும் ஆதார் அட்டை நகல்களும் வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் வரிசையாக வந்து நின்றன. அந்தக் குடும்பத்துக்கு இது என்றைக்குமே தெரிந்திருக்காது. உடனே நிறுத்திவிட்டு, டிஸ்க் முழுவதையும் மேலெழுதி அழித்துக் கொடுத்தேன்.

விரைவு ஃபார்மேட் என்பது புத்தகத்தின் பொருளடக்கத்தை மட்டும் கிழிப்பதுபோல. பக்கங்கள் அப்படியே இருக்கும். சுழலும் ஹார்ட் டிஸ்க்கானால் "விரைவு" என்ற குறியை எடுத்துவிட்டு முழு ஃபார்மேட் கொடுங்கள். விண்டோஸ் விஸ்டாவிலிருந்து முழு ஃபார்மேட் டிஸ்க் முழுவதும் பூஜ்யங்களை எழுதுகிறது. பல மணி நேரம் ஆகும். இரவில் விட்டுவிட்டுத் தூங்கலாம். ஏழு முறை, முப்பத்தைந்து முறை எழுத வேண்டும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். இன்றைய டிஸ்க்குகளுக்கு ஒரு முறை முழுமையாக மேலெழுதினால் போதும்.

எஸ்.எஸ்.டி.க்கும் இதே வழிதானா?

இல்லை. இதைத்தான் பலர் தவறாகச் செய்கிறார்கள். எஸ்.எஸ்.டி. தன் நினைவுச் செல்கள் சீராகத் தேய வேண்டும் என்பதற்காக, நீங்கள் எழுதுவதை எங்கே வைப்பது என்று தானே முடிவுசெய்கிறது. ஒரே இடத்தில் மேலெழுதுவதாக நீங்கள் நினைக்கும்போது அது வேறொரு செல்லில் எழுதுகிறது. பழையது ஒதுக்குப் பகுதியில் மிஞ்சியிருக்கலாம். எனவே தயாரிப்பாளர் தரும் மென்பொருளில் உள்ள பாதுகாப்பான அழிப்புக் கட்டளையைப் பயன்படுத்த வேண்டும். சில லேப்டாப்புகளில் அது பயாஸ் (விண்டோஸ் எழும் முன் வரும் அமைப்புத் திரை) பட்டியலிலேயே இருக்கும்.

யு.எஸ்.பி. கேஸ் வழியாக இந்தக் கட்டளை பல நேரங்களில் எஸ்.எஸ்.டி.யைச் சென்றடையாது. ஆகவே கழற்றுவதற்கு முன்பே, லேப்டாப்புக்குள் இருக்கும்போதே அழித்துவிடுவது நல்லது. தொடக்கத்திலிருந்தே விண்டோஸின் பிட்லாக்கர் போன்ற மறையாக்கம் (திறவுகோல் இருந்தால் மட்டுமே படிக்க முடியும்படி தரவைப் பூட்டுவது) போட்டு வைத்திருந்தால் இந்தக் கவலையில் பெரும்பகுதி இல்லை; திறவுகோல் இல்லாமல் உள்ளே இருப்பது வெறும் இரைச்சல்.

டிஸ்க் உயிரோடவே இல்லை. கணினி அதைக் காணவில்லை. அழிப்பது எப்படி?

உடைத்துத்தான். கணினிக்குத் தெரியாத டிஸ்க்கிலும் தரவு இருக்கிறது. 2.5 அங்குல டிஸ்க்குகளின் உள்தட்டு பெரும்பாலும் கண்ணாடியால் ஆனது. சுத்தியல் அடியில் சில்லுச் சில்லாகச் சிதறும். தடித்த சாக்குத் துணியில் சுற்றி, கண்களுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு செய்யுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். எஸ்.எஸ்.டி. என்றால் பலகையை இரண்டாக உடைப்பது போதாது. கறுப்பாக இருக்கும் ஒவ்வொரு நினைவுச் சில்லும் உடைய வேண்டும்.

பழைய ரேம் எதற்காவது பயன்படுமா?

பயன்படும், ஆனால் அதன் தலைமுறைக்குள் மட்டும். டி.டி.ஆர். என்ற பெயரை அடுத்து வரும் எண்தான் தலைமுறை. லேப்டாப் ரேமில் டி.டி.ஆர்.3க்கு 204 முனைகள், டி.டி.ஆர்.4க்கு 260, டி.டி.ஆர்.5க்கு 262. நடுவில் உள்ள வெட்டும் இடம் மாறியிருக்கும். நுழையவில்லை என்றால் அழுத்தாதீர்கள். அது தவறான ரேம் என்று இயந்திரமே சொல்கிறது. டி.டி.ஆர்.3க்குள் இன்னொரு கண்ணி உண்டு: பழையது 1.5 வோல்ட், எல் என்ற எழுத்துடன் வருவது 1.35 வோல்ட். இன்டெல் நான்காம் தலைமுறைச் செயலிக்குப் பிந்தைய லேப்டாப்புகள் பொதுவாக எல் வகையையே கேட்கும். வெட்டு பொருந்தினாலும் 1.5 வோல்ட் ரேமுடன் அவை பெரும்பாலும் எழாது.

வெவ்வேறு அளவுள்ள இரண்டு ரேம்களை, அதாவது 4 ஜி.பி.யையும் 8 ஜி.பி.யையும், சேர்த்துப் போடலாமா என்று கேட்கிறார்கள். ஒரே தலைமுறையாக இருந்தால் பெரும்பாலும் வேலை செய்யும். இரண்டில் மெதுவானதன் வேகத்தில் இரண்டும் ஓடும். ஆகவே புதிய ரேம் வாங்கும் முன், லேப்டாப்பில் இரண்டாவது இடம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் பழையதைக் கழற்றவே வேண்டியதில்லை.

2025இன் இறுதி மாதங்களில், செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் ரேம் விலை உலகெங்கும் வேகமாக ஏறியது. நல்ல நிலையில் உள்ள டி.டி.ஆர்.4 ரேமைக் கைவசம் வைத்திருப்பவர்கள் அதைப் பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். இன்று அதற்குத் தேவை இருக்கிறது. விற்கும் முன் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருள் கொண்டு ஓர் இரவு சோதித்துவிடுங்கள். பிழையுள்ள ரேமைப் பிறர் தலையில் கட்டுவது பாவம்.

கழற்றிய பேட்டரியை அவசரத்துக்கு வைத்துக்கொள்ளலாமா?

கூடாது. மற்ற எதற்கும் இவ்வளவு உறுதியாகச் சொல்லமாட்டேன்.

பேட்டரியை மாற்றியதே அது தேய்ந்துபோனதால்தான். தேய்ந்த லித்தியம் பேட்டரி மூலையில் கிடக்கும்போதும் மெல்ல மெல்ல மின்னழுத்தம் இழக்கும். ஓர் அளவுக்குக் கீழே போனால் உள்ளே உள்ள தாமிரம் கரையத் தொடங்கும். அதற்குப் பிறகு அதை மறுபடி சார்ஜ் செய்வதே ஆபத்து. அவசரத்துக்கு என்று வைத்த பொருளே அவசரத்தை உண்டாக்கும்.

உப்பியிருந்தால் இன்னும் கவனம். உள்ளே உள்ள வேதிப்பொருள் சிதைந்து வாயு சேர்வதால்தான் உப்புகிறது. லேப்டாப்பின் தொடுபலகை மேலெழும்பினாலோ மூடி சரியாக மூடாவிட்டாலோ அதுதான் முதல் அறிகுறி. சார்ஜரைப் பிடுங்குங்கள், அணையுங்கள். காற்று போகட்டும் என்று ஊசியால் குத்தியவர்களை அறிவேன். அப்படிச் செய்தால் தீப்பற்றும். அழுத்தி உள்ளே தள்ளவும் கூடாது. கழற்றிய பின் இணைப்பு முனைகளில் இன்சுலேஷன் டேப் ஒட்டி, உலோகப் பெட்டியில் உலர்ந்த மணலிட்டு அதில் வைத்து, வெயில் படாத இடத்தில், படுக்கையறைக்கும் அடுக்களைக்கும் வெளியே வையுங்கள். கூடிய விரைவில் மின்கழிவு சேகரிக்கும் இடத்துக்குக் கொண்டு செல்லுங்கள்.

மாநகராட்சிக் குப்பைத் தொட்டியில் போடவே வேண்டாம். குப்பை லாரியில் அழுத்தப்படும்போது அது வெடித்தால் தீக்காயம் படுவது தூய்மைப் பணியாளருக்கு. இந்தியாவில் 2022 ஆகஸ்டில் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பப் பெறும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மீது வைத்திருக்கின்றன. புதிய பேட்டரி வாங்கும் கடையிலேயே பழையதை எடுத்துக்கொள்வீர்களா என்று கேளுங்கள்.

சார்ஜர்?

வைத்திருங்கள். நான் தயங்காமல் சொல்லும் ஒரே "வைத்திருங்கள்" இதுதான். சார்ஜர் ஒயர் முறிவது அடிக்கடி நடப்பது. ஆனால் சார்ஜரின் மேலேயே அது எந்த லேப்டாப்புடையது என்று ஒரு சீட்டு ஒட்டுங்கள். வேறொன்றுக்குப் பயன்படுத்தும்போது வோல்ட் ஒத்திருக்க வேண்டும். ஆம்பியர் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம், குறையக் கூடாது. முனை நுழைகிறது என்பதற்காகச் செருகிவிடாதீர்கள்.

டி.வி.டி. டிரைவ், வைஃபை அட்டை போன்றவை?

டி.வி.டி. டிரைவ்: வீட்டில் இன்னும் திருமண டி.வி.டி.கள் இருந்தால், யு.எஸ்.பி. கேஸில் போட்டு அவற்றையெல்லாம் டிஸ்க்குக்கு மாற்றுங்கள். மாற்றி முடித்ததும் டிரைவைக் கொடுத்துவிடலாம். வைஃபை அட்டையைப் பெரும்பாலும் வைத்திருக்கத் தேவையில்லை. பழைய அட்டைகளும் புதியவையும் அளவிலேயே வேறுபடுகின்றன.

வேறு எதையாவது மறந்துவிடுகிறோமா?

திருகாணிகள். பாகத்தைப் பத்திரப்படுத்துகிறவர்கள் திருகாணியைத் தொலைத்துவிடுகிறார்கள். ஹார்ட் டிஸ்க்கைத் தாங்கும் தகரச் சட்டம், அதை மதர்போர்டுடன் இணைக்கும் பட்டை ஒயர், எம்.2 எஸ்.எஸ்.டி.யைப் பிடிக்கும் சிறு திருகாணி ஆகியவை அந்த மாடலுக்கே உரியவை. டிஸ்க்கை எந்தக் கடையிலும் வாங்கலாம். அந்தப் பட்டை ஒயரைத் தேடி நான் ரிச்சி தெருவில் ஒரு பகல் முழுதும் அலைந்திருக்கிறேன். இவற்றை ஒரு சிறு உறையில் போட்டு, மாடல் பெயரை எழுதி வையுங்கள். லேப்டாப்பைக் கொடுக்கும் நாளில் உறையையும் சேர்த்துக் கொடுங்கள்.

வைத்திருப்பதை எப்படிப் பத்திரப்படுத்துவது?

புதிய பாகம் வந்த அந்தச் சாம்பல் நிற, நிலைமின் தடுக்கும் உறையைத் தூக்கி எறியாதீர்கள். பழையதை அதில் போடுங்கள். சாதாரணப் பாலித்தீன் பையில் நிலைமின் சேரும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்று இணைப்பு முனைகளை அரிக்கும். உறையைச் சிறு சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடும் டப்பாவில் வையுங்கள். பரண் வேண்டாம், பீரோ நல்லது. காரணம் வெப்பம். மின்சாரமே இல்லாமல் கிடக்கும் எஸ்.எஸ்.டி. தரவைக் காலவரையின்றிக் காத்து வைத்திருக்காது. வீட்டுக் கணினிக்கான எஸ்.எஸ்.டி. தன் எழுதும் ஆயுளை முழுக்கச் செலவிட்ட பிறகு, 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தரவைத் தாங்க வேண்டும் என்பதுதான் தொழில்துறையின் தரநிர்ணயம். புதிதான எஸ்.எஸ்.டி. அதைவிட நீண்ட காலம் தாங்கும். ஆனால் சித்திரை வெயிலில் நம் பரண் 30 டிகிரியில் நிற்பதில்லை.

காயலான் கடையில் போட்டால் காசாவது கிடைக்குமே?

கிடைக்கும். கடைக்காரர் மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நம் தெருக்களில் மறுசுழற்சி என்று ஒன்று நடப்பதே அவர்களால்தான். கவலை, அங்கிருந்து அது எங்கே போகிறது என்பதில். டெல்லியின் சீலம்பூரிலும் உத்தரப் பிரதேசத்தின் மொராதாபாத்திலும், பலகைகளில் ஒட்டியிருக்கும் துளித் தங்கத்துக்காகவும் தாமிரத்துக்காகவும் அவற்றை எரித்தும் அமிலத்தில் ஊறவைத்தும் பிரிக்கும் குடும்பங்கள் உண்டு. ஈயப் புகையைச் சுவாசிப்பவர்களில் குழந்தைகளும் இருக்கிறார்கள். உலகம் முழுதும் 2022ஆம் ஆண்டில் 6 கோடியே 20 லட்சம் டன் மின்கழிவு உருவானதாக ஐ.நா. அமைப்புகளின் 2024 அறிக்கை சொல்கிறது. முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்யப்பட்டது அதில் 22.3 சதவீதம்தான்.

2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு விதிகளின்படி, மறுசுழற்சியாளர்கள் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் பதிவுசெய்திருக்க வேண்டும். கொடுக்கும் முன் "பதிவு இருக்கிறதா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். தனித்தனியாக அலைய வேண்டாம். அடுக்குமாடிக் குடியிருப்பிலோ அலுவலகத்திலோ ஒரு பெட்டி வைத்துச் சேர்த்து, நிறைந்ததும் அழைத்தால் வந்து எடுத்துப்போகிற நிறுவனங்கள் உண்டு. பேட்டரியை மட்டும் அந்தப் பெட்டியில் போடாதீர்கள்.

யாருக்குக் கொடுக்கலாம்?

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த இயந்திரங்கள் இன்றும் பல வீடுகளில் இருக்கின்றன. அண்ணன் படித்து முடித்ததைத் தங்கை பயன்படுத்துகிறாள். நீங்கள் கழற்றிய ஒரு ரேமும் ஒரு சிறு எஸ்.எஸ்.டி.யும் அவற்றில் பலவற்றை மீண்டும் எழுப்பும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்தது. பழைய இயந்திரங்கள் பலவும் விண்டோஸ் 11க்கு ஏற்கப்படுவதில்லை. அதனால் அவற்றில் விண்டோஸுக்குப் பதிலாக, லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் ஒன்றை நிறுவிக் கொடுங்கள். அருகில் உள்ள அரசுப் பள்ளியின் கணினி ஆசிரியரிடம் பேசுங்கள். எந்த மாணவரிடம் எந்த இயந்திரம் முடங்கிக் கிடக்கிறது என்று அவருக்குத் தெரிந்திருக்கும். பாகத்தை மட்டும் நீட்டிவிட்டு வராமல், பொருத்தி, ஓடுவதைப் பார்த்துவிட்டு வாருங்கள்.

மகள் ஏழாம் வகுப்பு படிக்கிறாள். முடங்கிப்போன லேப்டாப்பைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்கிறாள். கொடுக்கலாமா?

கட்டாயம் கொடுங்கள். பழைய பாகத்துக்கு இதைவிட நல்ல முடிவு எனக்குத் தெரியவில்லை. முதலில் நீங்கள் பேட்டரியைக் கழற்றிவிடுங்கள். மதர்போர்டில் இருக்கும் சி.ஆர்.2032 பொத்தான் பேட்டரியையும் எடுத்துவிடுங்கள். வீட்டில் அவளுக்குத் தம்பி, தங்கை இருந்தால் அந்தப் பொத்தான் அவர்கள் கைக்குப் போகவே கூடாது. விழுங்கிவிட்டால் சில மணி நேரத்திலேயே உணவுக்குழாயை அரித்துவிடும். சார்ஜர் பெட்டியைத் திறக்கக் கூடாது. பிடுங்கிய பிறகும் உள்ளே மின்னூட்டம் தங்கியிருக்கலாம். 2010க்கு முந்தைய லேப்டாப்பானால் திரையையும் பிரிக்க வேண்டாம். பின்னால் உள்ள மெல்லிய குழல்விளக்கில் பாதரசம் இருக்கலாம்.

மற்றதெல்லாம் அவளுக்கு. ஒரு வெள்ளைத் தாளில் லேப்டாப்பின் அடிப்பக்கத்தை வரைந்து, எந்தத் துளையிலிருந்து எடுத்த திருகாணியோ அதைப் படத்தில் அதே இடத்தில் டேப்பால் ஒட்டச் சொல்லுங்கள். பிரித்து முடித்த மறுநாள், அந்தத் தாளை மட்டும் பார்த்து அவளே திரும்பப் பூட்டட்டும்.